சுவார்ட்ஸ் ஐயரின் தூது

அலங்காநல்லூரைச் சூழ்ந்த சிற்றூர்களில் பிணக்கொன்று மூண்டால், இரு திறத்தாரிடையே பேச ஒருவரைத் தேர்ந்து அனுப்புவர். அவர் நாவன்மை உடையரோ என்று எவரும் முதற்கண் வினவுவதில்லை. சொன்னதைச் சொன்னபடி சொல்வாரா என்றே வினவுவர். வள்ளுவனார் தூதுக்கென ஓர் அதிகாரம் வகுத்தமையும், அதியமான்பொருட்டு ஒளவையார் தொண்டைமானிடம் தூது சென்றமையும் நாம் கற்றனவே. ஆங்கிலக் கும்பினியாரின் தூதராய்ச் சென்ற ஒருவர் வரலாறோ, தூதின் ஆற்றலையும் எல்லையையும் ஒருங்கே காட்டுவதாம்.

கிறிஸ்தியான் பிரீடரிக் சுவார்ட்ஸ் ஐயர் 1726-இல் ஜெர்மானியராய்ப் பிறந்தவர். 1750-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கித் தமிழ் பயின்றார். பின்னர்த் திருச்சிராப்பள்ளியிலும் தஞ்சையிலும் திருப்பணி புரிந்தார். 1764-இல் மதுரைக் கோட்டை முற்றுகையுற்றபோது, புண்பட்ட வீரர்க்கு உதவ இப்பக்கமும் வந்தார்.

1779-இல் சென்னைக் கவர்னர் சர் தாமஸ் ரம்போல்டு, மைசூர் ஹைதர் அலியிடம் சமாதான எண்ணத்தை உணர்த்திவருமாறு ஐயரை வேண்டினார். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஹைதர் அவரை மதிப்புடன் வரவேற்றார். வழிச்செலவுக்கென ஹைதர் அளித்த 300 ரூபாயையும் ஐயர் தமக்கென வையாது, தஞ்சையில் ஏழைச் சிறார்க்கு ஓர் ஆங்கிலப் பள்ளி அமைக்க முதலாக்கினார்.

ஆயினும் தூதின் பயன் யாது? அவ்வாண்டு மார்ச்சு மாதத்திலேயே, ஹைதருக்குப் போர்ப்பொருள்கள் வந்திறங்கிய மாகித் துறைமுகத்தைக் கும்பினியார் பிரெஞ்சுக்காரரிடமிருந்து கைப்பற்றியிருந்தனர். நாவில் சமாதானமும் செயலில் பகையும் பொருந்துமோ? 1780-இல் ஹைதரின் படை ஆர்க்காட்டு நவாபின் நாட்டினுட் புகுந்தது. அப்பொழுதும், ஐயரை இடையூறின்றிச் செல்லவிடுமாறு ஹைதர் தம் படையினர்க்கு ஆணையிட்டார். தூதரை நம்பினார், அனுப்பியவரை நம்பிலர்.

அப்போரில் தஞ்சைக் கோட்டை உணவின்றி வாடிற்று. விலை தருவோம் என்று அரசினர் கூறியும், முன்பு ஏமாந்த குடியானவர் நெல் கொணர்ந்திலர். ஐயர் தாமே பிணை நின்றார். ஓரிரு நாளில் 1,000 எருதுகள் வந்தன. 80,000 கலம் நெல் கோட்டை சேர்ந்தது. சொன்னபடியே அவர் விலையும் கொடுத்தார்.

1798-இல் ஐயர் தஞ்சையில் மறைந்தார். அவரைத் தந்தையென மதித்த சரபோஜி மன்னர், சிற்பி பிளாக்ஸ்மனைக் கொண்டு அவர்க்குப் பளிங்கு நினைவுச்சின்னம் அமைத்தார்.

தன் மெய்ம்மைக்கே தூதன் பிணையாவான்; அனுப்புவோர் மெய்ம்மைக்குப் பிணையாதல் அவனால் இயலாது. நாளை அலுவலகங்களிலும் நீதிமன்றங்களிலும் பிறர்பொருட்டுப் பேசவிருக்கும் மாணவராகிய நாம், நம் நற்பெயரை இரவல் கொடுக்குமுன், அதனைப் பெறுவார் யாவர் என்று ஆராய்வோமாக. அவ்வாராய்ச்சி பிழைத்தவிடத்தும் ஐயரைப்போல் வாய்மையிற் பிறழாதிருப்போமாக.