பட்டமும் பாடாந்தரமும்: பல்கலைக்கழக இசைக்கல்வியில் மேடைப் பாடகர் உருவாக்கம்

முன்னுரை

வாய்ப்பாட்டைப் பட்டப்படிப்பாகத் தேர்ந்தெடுக்கும் மாணவர் மேடையை மனத்திற்கொண்டே வகுப்பறைக்குள் நுழைகிறார். பட்டம் பெற்று வெளியேறும்போது அவர் பெரும்பாலும் ஆசிரியப் பணியையே நாடுகிறார். ஆசிரியப் பணி தாழ்ந்ததன்று. ஆயினும் பாடகராக வேண்டும் என்று வந்தவர் பாடகராக இயலாமற்போவது ஏன் என்னும் வினா எஞ்சி நிற்கிறது. மாணவரின் திறன்குறையே இதற்குக் காரணம் என்று எளிதில் சொல்லிவிடலாம். அதைவிடப் பயிற்றும் முறையிலும் ஆசிரியர் நியமன முறையிலுமே இதன் வேர் உள்ளது என்பது இக்கட்டுரையின் கருதுகோள். இசைக் குடும்பத்தில் பிறந்தவருக்குப் பல்கலைக்கழகம் பல வழிகளுள் ஒன்று. அவ்வாறு பிறவாதவருக்கோ அதுவே ஒரே வாயில். எனவே இக்குறையால் நேரும் இழப்பும் பின்னவருக்கே மிகுதி.

அரங்கேற்றமே தேர்வாக

கலைப் பயிற்சி, தேர்வு, தொழில் ஆகிய மூன்றும் ஒரே தொடராக அமைந்த நிலையைச் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை காட்டுகிறது. மாதவி ஐந்தாம் அகவையில் பயிற்சி தொடங்கி, ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் அகவையில் அரங்கேறுகிறாள். ஆடல், பாடல், அழகு ஆகிய மூன்றிலும் குறைவின்றித் தேர்ந்த பின்னரே அவள் அரசன்முன் நிற்கிறாள். தலைக்கோல் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன்னும் ஒருங்கே கிடைக்கின்றன. அங்குப் பட்டம் வேறு, தொழில் வேறு என்னும் பிரிவில்லை. மேடையே தேர்வு; மேடையே ஊதியம்.

இக்காதையில் ஆசிரியர்களின் இலக்கணம் விரித்துரைக்கப்படும் முறை குறிப்பிடத்தக்கது. ஆடலாசிரியன், இசையாசிரியன், பாடல் இயற்றும் புலவன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என அறுவரின் தகுதிகளை இளங்கோவடிகள் தனித்தனியே வரையறுக்கிறார். அத்தகுதிகள் அனைத்தும் செய்து காட்டும் ஆற்றலைச் சார்ந்தவை. ஒருத்தியின் அரங்கேற்றத்திற்கு அறுவர் என்பது காப்பிய மிகை என்று கொண்டாலும், ஆசிரியர்–மாணவர் விகிதம் பற்றிய அக்காலப் பார்வை அதில் பதிந்திருப்பதை மறுக்க இயலாது.

அண்ணாமலைநகர் வகுப்பறை

1929ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றியபோது இசைக்கல்வியும் அதன் அங்கமாயிற்று. சபேச ஐயர், டைகர் வரதாச்சாரியார், தஞ்சை நால்வர் மரபில் வந்த பொன்னையா பிள்ளை ஆகியோர் அங்கே ஆசிரியர்களாக விளங்கினர். பிற்காலத்தில் எம்.எம். தண்டபாணி தேசிகர் இசைத்துறைக்குத் தலைமையேற்றார். இவர்கள் எவரும் பல்கலைக்கழகப் பட்டத்தின் வழியே இசைக்கு வந்தவர்கள் அல்லர். மேடையிலும் மரபிலும் தேர்ந்தவர்களை அழைத்து வகுப்பறையில் அமர்த்தியதே அந்நிறுவனத்தின் தொடக்கக்கால வலிமை. குருகுலத்தைக் கல்லூரிக்குள் குடியேற்றியது எனலாம்.

அங்கே 'சங்கீத பூஷணம்' பட்டம் பெற்ற எஸ். இராமநாதன் இவ்வகையில் சிறந்த சான்று. கச்சேரிப் பாடகராகவும் இசையாய்வாளராகவும் ஒருங்கே விளங்கிய அவர், அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் சிலப்பதிகார இசை குறித்து ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்றார். பாட்டும் ஆய்வும் ஒன்றையொன்று தின்றுவிடும் என்னும் இன்றைய அச்சத்துக்கு அவர் வாழ்வு மறுமொழியாகிறது.

1941ஆம் ஆண்டில் அண்ணாமலைநகரில் கூடிய தமிழிசை மாநாடு வகுப்பறைப் பாடத்துக்கும் மேடைக்கும் இடையே மற்றொரு பாலத்தை அமைத்தது. தமிழ்ப் பாடல்கள் சுரக்குறிப்புடன் நூல்களாக வெளிவந்தன. 1943இல் சென்னையில் தோன்றிய தமிழ் இசைச் சங்கம் அப்பாடல்களுக்கு மேடையும் தந்தது. கற்ற உருப்படியைப் பாட ஓர் அரங்கு காத்திருந்தது என்பது மாணவரின் நோக்கில் சிறிய செய்தி அன்று.

சுருதியும் நேரமும்

இன்றைய வகுப்பறையின் இடர்ப்பாடுகளுள் முதன்மையானது, ஆய்வுரைகளில் அரிதாகவே பேசப்படும் சுருதிச் சிக்கல். ஆண்குரல் பெரும்பாலும் ஒரு கட்டை முதல் ஒன்றரைக் கட்டையில் இயல்பாக நிற்கும். பெண்குரல் நாலரை முதல் ஐந்தரைக் கட்டையில் நிற்கும். இருபாலரும் அமரும் வகுப்பில் ஒரு தம்புராவே ஒலிக்கிறது. ஐந்து கட்டையில் வகுப்பு நடந்தால் ஆண்கள் மேல்தானத்தில் குரலை நெரித்துப் பாடுகின்றனர். அல்லது கீழிறங்கி மந்தரத்தில் முணுமுணுக்கின்றனர். ஒரு கட்டையில் நடந்தால் பெண்களுக்கு அதே நிலை. மூன்று கட்டை என இடைநிலை காண்பது இருசாராருக்கும் பொருந்தாத சமரசம். வீணை, வயலின் மாணவருக்கு இச்சிக்கல் இல்லை. அவர்கள் கருவியைச் சுருதி கூட்டிக்கொள்வர். பாடகரின் கருவி உடலுக்குள் இருப்பதால் அதனைப் பிறர் சுருதிக்கு வளைப்பது கருவியையே கெடுக்கும். ஆண்டுக்கணக்கில் தன் சுருதியில் பாடிப் பழகாத குரல், பட்டம் பெற்றபின் திடீரெனத் தன் இருப்பிடத்தைக் கண்டுகொள்ளும் என எதிர்பார்ப்பதற்கில்லை.

அடுத்தது நேரம். பருவத்திற்குத் தொண்ணூறு வேலைநாள் என்னும் பொதுவிதிப்படி மூன்றாண்டு இளநிலைப் படிப்பில் கிடைப்பவை 540 நாள்கள். நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் செய்முறை வகுப்பு எனக் கொண்டாலும் 1080 மணி நேரமே தேறும். அதுவும் குழுவாகப் பகிரப்படும் நேரம். பதினைந்து மாணவர் கொண்ட வகுப்பில் ஒருவர் தனித்துப் பாட, ஆசிரியர் கேட்டுத் திருத்தும் நேரம் மூன்றாண்டில் 72 மணிக்கு மேற்படாது. குருகுலத்தில் இது சில வாரங்களில் கிடைக்கக்கூடிய அளவு. விடுதி மாணவருக்கு விடியற்காலைச் சாதகத்துக்கு ஓர் அறை கிடைப்பதே அரிது என்பதையும் இதனோடு சேர்த்தெண்ண வேண்டும்.

இவ்வளவு நேரத்தில் உருப்படிகளைக் கற்பிக்கலாம். மனோதர்மத்தை வளர்க்க இயலாது. ஆளத்தி, நிரவல், கற்பனைச்சுரம் ஆகியவை பிறர் பாடக் கேட்டு, தான் பாடித் தவறி, மீண்டும் பாடித் தெளியும் பகுதிகள். தேர்வு முறையோ கற்ற கீர்த்தனைகளின் எண்ணிக்கையை எளிதாக அளக்கிறது. கற்பனையை அளக்கத் தயங்குகிறது. கச்சேரி மேடையில் நிலைமை நேர்மாறானது. அங்கே ஒரே கீர்த்தனையை முக்கால் மணி நேரம் விரிக்கத் தெரிந்தவரே பாடகர். வானொலியின் குரல்தேர்வும் பட்டச் சான்றிதழைக் கேட்பதில்லை, பாட்டையே கேட்கிறது.

பட்டத்திற்குப் பின் குரு

நிறுவனக் கல்வி வழியே புகழ்பெற்ற பாடகர்களின் வரலாற்றில் ஒரு பொதுக்கூறு காணப்படுகிறது. சீர்காழி கோவிந்தராசன் தமிழ் இசைச் சங்கத்தின் கல்லூரியில் 'இசைமணி'யும், பின்னர்ச் சென்னை மத்திய கருநாடக இசைக் கல்லூரியில் 'சங்கீத வித்துவான்' பட்டமும் பெற்றார். ஆயினும் அவரது பாணிக்கு உரம் சேர்த்தது குழலிசை மேதை திருப்பாம்புரம் சுவாமிநாத பிள்ளையிடம் அவர் கொண்ட மாணவ உறவு. திருப்பூணித்துறை ஆர்.எல்.வி. இசைக் கல்லூரியில் பயின்ற கே.ஜே. யேசுதாசு, பின்னர்ச் செம்பை வைத்தியநாத பாகவதரிடம் பயின்றார். இவர்கள் பயின்றவை பல்கலைக்கழகம் என்னும் பெயரில் இயங்கியவை அல்ல எனினும், பாடத்திட்டமும் தேர்வும் பட்டமும் உடைய நிறுவனங்களே. இலக்கணமும் ஒழுங்கும் நிறுவனம் தந்தது. பாடாந்தரம் தனியொரு குருவிடமிருந்து வந்தது.

யாழ்ப்பாணத்து மருதனார்மடத்தில் இயங்கிய இராமநாதன் இசைக் கல்லூரிக்கு மகாராஜபுரம் சந்தானம் முதல்வராக இருந்ததும் இங்கு நினைக்கத்தக்கது. அங்குப் பயின்ற மாணவருக்குக் கல்லூரியும் குருவும் ஒரே கூரையின்கீழ் வாய்த்தன.

பட்டத்திற்குப் பின் குருவைத் தேடுதல் எல்லாருக்கும் இயல்வதன்று. குருவின் ஊரில் தங்கவும், வருமானமின்றிச் சில ஆண்டு பயிலவும் குடும்பத்தின் துணை வேண்டும். அத்துணை இல்லாத முதல்தலைமுறை மாணவர் கிடைத்த பள்ளிப் பணியில் சேர்கிறார். திறன் அல்லாத ஒன்று அவரை மேடையிலிருந்து விலக்குகிறது.

ஆசிரியர் தகுதி

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகள் இசைத்துறை உதவிப் பேராசிரியருக்கு இரு வழிகளை வகுக்கின்றன. முதலாவது முதுநிலைப் பட்டமும் தேசியத் தகுதித் தேர்வும். இரண்டாவது புகழ்பெற்ற ஆசானிடம் பயின்ற, வானொலி அல்லது தொலைக்காட்சியின் 'ஏ' தரக் கலைஞருக்கான வழி. ஆனால் இவ்வழிக்கும் இளநிலைப் பட்டம் இன்றியமையாதது. இதன்படி, கோயிலில் முப்பதாண்டு பண் பாடிய ஓதுவார் ஒருவர் பட்டம் பெறாதவராயின் பண்ணிசை கற்பிக்கும் பேராசிரியராதல் இயலாது. தண்டபாணி தேசிகரை அழைத்த வழி இன்று அவ்வடிவில் இல்லை.

2022இல் மானியக் குழு அறிமுகப்படுத்திய 'நடைமுறைசார் பேராசிரியர்' பணியிடம் ஓரளவு மாற்றாகிறது. துறையில் பதினைந்தாண்டுப் பட்டறிவு உடையவருக்கு முறைசார் கல்வித் தகுதி கட்டாயமில்லை. நுண்கலைகளும் இதில் அடங்கும். இசைத்துறைகள் இவ்வழியே மேடைக் கலைஞரை அழைத்து, ஆண் பெண் சுருதிக்கேற்பப் பிரித்த சிறு குழுக்களை அவரிடம் ஒப்படைக்கலாம். தேர்வின் ஒரு பகுதியைப் பக்கவாத்தியத்துடன் கூடிய ஒரு மணி நேரக் கச்சேரியாக அமைக்கப் பாடத்திட்டக் குழுவின் தீர்மானமே போதும். ஆனால் இப்பணியின் காலம் பொதுவாக மூன்றாண்டு, விதிவிலக்காக நான்காண்டு. இளநிலையும் முதுநிலையும் முடிக்க ஒரு மாணவருக்கு ஐந்தாண்டு ஆகின்றது. அவர் முதுநிலை இறுதியாண்டில் இராகம் தானம் பல்லவிக்கு வந்து நிற்கும்போது, முதலாண்டில் அவருக்குச் சுருதி பிடித்துக்கொடுத்த ஆசான் துறையில் இருக்கமாட்டார்.