கூட்டத்திற் காணாத பிள்ளை

பாடசாலைக் குடும்பங்களுக்கான பாஸ்காக் கால வேதபாடம்
வாசிக்க வேண்டிய பகுதி: லூக்காஸ் 2: 41–52

மாரிமழை ஓய்ந்து, காலபோக அறுவடை முடிந்து, வேம்பு பூக்கின்ற காலம் இது. சித்திரை, வைகாசி ஆகிய இரு மாதங்களையும் இளவேனில் என்று நம் முன்னோர் வகுத்தனர். கத்தோலிக்க பாடசாலையில் இக்காலத்திற்கு வேறு அடையாளங்களும் உண்டு. இல்ல விளையாட்டுப் போட்டியின் ஆரவாரம் அடங்குகிறது. நெற்றியில் விபூதிப் புதனின் சாம்பல் விழுகிறது. வெள்ளிதோறும் சிலுவைப்பாதை நடக்கிறது. முதல்நன்மை வகுப்புத் தொடங்குகிறது. வழக்கமாக வருஷப்பிறப்பை ஒட்டித் தவணை விடுமுறை வருகிறது.

இந்தச் சில வாரங்களுள் ஒரு பாடசாலையைச் சேர்ந்த குடும்பங்களில் எத்தனையோ நிகழ்ந்துவிடுகின்றன. ஒரு வீட்டிலே குழந்தை பிறந்து ஞானஸ்நானம் பெறுகின்றது. மற்றொரு வீட்டிலே பாட்டியாரின் முப்பத்தோராம் நாள் பூசை. ஒரு பிள்ளையின் தகப்பன் வேலை தேடிக் கடல் கடந்து போகிறார். இன்னொரு பிள்ளை நான்கு நாட்களாக வகுப்புக்கு வரவில்லை. ஏனென்று எவருக்கும் தெரியவில்லை. இச்செய்திகளை நாம் எவ்வாறு அறிகின்றோம், அறிந்தபின் என்ன செய்கின்றோம் என்பதே இப்பாடத்தின் பொருளாகும்.

1. பாஸ்கா ஓர் இளவேனில் விழா

இஸ்ராயேல் மக்கள் எகிப்தைவிட்டுப் புறப்பட்டது ஆபீப் மாதத்தில் என்று யாத்திராகமம் கூறுகின்றது (13: 4). ஆபீப் என்னும் சொல் வாற்கோதுமையின் பசுங்கதிரைக் குறிப்பது. பிற்காலத்தில் நீசான் எனப்பட்ட இம்மாதம் நமது பங்குனி, சித்திரைக்கு ஒத்தது. நிலம் தளிர்க்கும் நாளிலேயே ஆண்டவர் தம் மக்களை அடிமைத்தனத்தினின்று மீட்டார். அதனாலேதான் நமது உயிர்த்த ஞாயிறும், மார்ச் 21ஆந் திகதியிலோ அதன் பின்னரோ வரும் முழுமதியை அடுத்த ஞாயிறன்று கொண்டாடப்படுகிறது. அது மார்ச் 22க்கு முந்துவதுமில்லை, ஏப்ரல் 25க்குப் பிந்துவதுமில்லை.

பாஸ்கா குடும்பத்தின் விழா. செம்மறியை வீடுவீடாகத் தெரிந்தெடுக்க வேண்டும். வீட்டார் சிலராயின் அயல்வீட்டாரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது கட்டளை (யாத். 12: 3–4). பிள்ளை காரணம் கேட்கும்போது பெற்றார் விளக்கம் சொல்ல வேண்டும் என்பதும் அங்கேயே விதிக்கப்பட்டுள்ளது (12: 26–27). ஆகவே, வீடு, அயல், கேள்வி கேட்கும் பிள்ளை ஆகிய மூன்றும் முதற் பாஸ்காவிலேயே ஒன்றுகூடி நிற்கின்றன.

2. நாசரேத்தூர்க் கூட்டம்

இயேசு பாலகனுக்கு வயது 12. சூசையப்பரும் மரியன்னையும் ஆண்டுதோறும் செய்வதுபோலப் பாஸ்காவுக்கு எருசலேம் சென்றனர். நாசரேத்தூரிலிருந்து எருசலேமுக்கு வழி 100 கிலோமீற்றருக்கும் மேல். கால்நடையாகச் செல்வோருக்குப் பல நாட் பயணம். தனித்துச் செல்லாமல் உற்றார் உறவினரோடும் ஊராரோடும் கூட்டமாகச் செல்வார்கள். திரும்பும் வழியில் பிள்ளை அந்தக் கூட்டத்தில் எங்கேயோ இருக்கின்றான் என்று எண்ணிப் பெற்றார் ஒரு நாட் பயணம் வந்துவிட்டனர். மாலையில் தேடினால் பிள்ளை இல்லை.

இப்பகுதியில் நான்கு காரியங்களைக் கவனிப்போம்.

முதலாவது, உலகிலே மிகப் புனிதமான குடும்பத்திலும் இது நிகழ்ந்தது. அன்பில்லாமையால் அன்று, மற்றவர்களோடு இருப்பான் என்ற நம்பிக்கையால் நிகழ்ந்தது.

இரண்டாவது, தெரிந்தவுடன் அவர்கள் உற்றாரிடமும் அறிமுகமானவரிடமும் கேட்டார்கள். 'ஊரார் என்ன சொல்வார்களோ' என்று வெட்கப்பட்டு மறைக்கவில்லை.

மூன்றாவது, வந்த வழியே திரும்பினார்கள். நடந்து களைத்த கால்களோடு, மேட்டு நிலமாகிய எருசலேமுக்கு மறுபடியும் ஏறினார்கள். மூன்றாம் நாள் மட்டும் தேடினார்கள்.

நான்காவது, பிள்ளையைக் கண்ட இடம் தேவாலயம். போதகர் நடுவிலே, கேட்டுக்கொண்டும் வினவிக்கொண்டும் இருந்தார். தாயானவள் தன் துயரத்தோடு தந்தையின் துயரத்தையும் எடுத்துரைத்து, ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டாள். கிடைத்த மறுமொழி அவர்களுக்கு விளங்கவில்லை. எனினும் அவள் யாவற்றையும் உள்ளத்திலே காத்துவந்தாள். பிள்ளையும் அவர்களுடன் சென்று கீழ்ப்படிந்திருந்தார்.

3. பாடசாலையும் ஒரு வழிக்கூட்டம்

நாமும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கூட்டமாகவே பயணஞ் செய்கின்றோம். பெற்றார், 'பாடசாலையிலே ஆசிரியர் பார்த்துக்கொள்வார்' என்று எண்ணுகின்றனர். ஆசிரியர், 'வீட்டிலே பெற்றார் பார்த்துக்கொள்வர்' என்று எண்ணுகிறார். பங்குத் தந்தையோ, 'இரு பகுதியாரும் இருக்கின்றார்கள்தானே' என்று ஆறுதலடைகிறார். மூவரும் நல்லவர்கள்; மூவருக்கும் நடுவிலே ஒரு பிள்ளை காணாமற் போய்விடுகிறது.

காணாமற் போதல் என்பது காட்டில் வழி தவறுவது மட்டுமன்று. தாய் நோயில் விழுந்தபின் தம்பி தங்கையருக்குச் சமைத்து வைத்துவிட்டு வகுப்பிலே தூங்குகிற பெண்பிள்ளை காணாமற் போனவளே. தகப்பனின் குடியினால் இரவெல்லாம் பயந்திருந்து, காலையில் வீட்டுப்பாடம் செய்யவில்லை என்று தண்டனை பெறுகிற பையனும் அப்படியே. சப்பாத்து இல்லாத வெட்கத்தினால் வேலியோரமாக நின்று திரும்பிப் போகிறவனும் அவ்வாறே. வரவு இடாப்பிலே அவர்கள் பெயர் இருக்கின்றது. கூட்டத்திலேயோ அவர்கள் இல்லை.

பெற்றாரே பிள்ளைகளின் முதன்மையான ஆசிரியர் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28இல் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை போதிக்கின்றது. பெற்றார் ஆசிரியரோடு நெருங்கி ஒத்துழைக்க வேண்டும், ஆசிரியரும் பெற்றாருக்கு மனமுவந்து செவிசாய்க்க வேண்டும் என்று 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு (796) இரு திறத்தாருக்கும் கடமை விதிக்கின்றது.

நம் நாட்டிலே இது மேலும் முக்கியமானது. 1862இல் போர்தோ திருக்குடும்பக் கன்னியர் யாழ்ப்பாணத்திற்கு வந்தனர். பியன்வெனு நோவாய் அடிகளார் 1820இல் நிறுவிய அச்சபை, நாசரேத்தூர்க் குடும்பத்தின் பெயரையே தாங்கியது. இத்தகைய துறவியரும் குருக்களும் வளர்த்த பாடசாலைகளுட் பெரும்பாலானவை 1960, 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்களினால் அரசாங்கத்தின் கைக்குச் சென்றன. கட்டிடமும் நிருவாகமும் கைமாறலாம். ஆனால், குடும்பம் குடும்பத்தை அறிந்து தாங்குகின்ற வழக்கத்தை எந்தச் சட்டமும் கொண்டுபோக முடியாது. நாமே கைவிட்டாலன்றி அது போகாது. நம்மோடு கற்கும் சைவப் பிள்ளைகளின் வீடுகளும் இவ்வட்டத்துக்குள் அடங்கும் என்பதை மறவாதிருப்போம்.

4. செய்தி வேறு, வம்பு வேறு

'குடும்பங்களின் செய்தியை அறிய வேண்டும்' என்றவுடன் ஓர் ஆட்சேபம் எழும். அது வம்புக்கு வழிதிறக்காதா? திறக்கும், நாம் கவனமாயிராவிட்டால். தகுந்த காரணமின்றி ஒருவருடைய குற்றங்குறைகளை அறியாதவருக்கு வெளிப்படுத்துவது, அது உண்மையாயிருந்தாலும், பிறர் நற்பெயருக்கு எதிரான பாவம் என்று 1992இல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி (2477) தெளிவாகச் சொல்கின்றது. எனவே வாய் திறக்குமுன் மூன்று கேள்விகள் கேட்போம்.

இது உண்மைதானா? வாசலிலே கேட்டதை வகுப்பறைக்குக் கொண்டுபோகலாகாது.

இதை அவ்வீட்டார் சொல்லச் சம்மதிப்பார்களா? பிறப்பும் இறப்பும் எல்லாருக்கும் உரியன. கடனும், பிணக்கும், பிரிவும் அவ்வீட்டாருக்கே உரியன. அவற்றை அதிபரிடமோ பங்குத் தந்தையிடமோ மட்டும் சொல்வதே முறை.

சொன்னபின் நான் என்ன செய்யப்போகின்றேன்? ஒரு செபமாவது, ஒரு வேளைச் சோறாவது, ஒரு நாட் துணையாவது பின்தொடராவிட்டால் அச்செய்தியை நான் சுமந்து திரிய வேண்டியதில்லை.

பிள்ளையின் ஆபத்து மட்டும் இதற்கு விலக்கு. ஒரு பிள்ளைக்கு அடியோ தீங்கோ நேர்கின்றதென்று அறிந்தால், குடும்ப மானத்தைக் காரணங்காட்டி மௌனமாயிருத்தல் பாவமாகும். பொறுப்பானவரிடம் உடனே சொல்லியே ஆகவேண்டும்.

5. துயரச் செய்தியும் உயிர்ப்பும்

பாஸ்காக் காலம் எப்போதும் களிப்பையே கொண்டுவருவதில்லை. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலும், கட்டுவாப்பிட்டிய செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்பில் நம் பிரிந்த சகோதரரின் சீயோன் ஆலயத்திலும் குண்டுகள் வெடித்தன. அன்று நாட்டில் 250க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சீயோனில் மாண்ட சிறுவர் பலர் ஞாயிறு பாடசாலை முடிந்து நின்றவர்கள். விடுமுறை முடிந்து வகுப்புகள் கூடியபோது சில ஆசனங்கள் வெறுமையாயிருந்தன. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலோ, எரிபொருளின்றிப் பாடசாலைகளே மூடப்பட்டன. பல வீடுகளில் அடுப்பு எரிவதும் அரிதாயிற்று.

இத்தகைய நாட்களில் நாசரேத்தூர்ப் பெற்றாரின் மூன்று நாட்களை நினைவுகூர்வோம். தேடியும் காணாத அந்நாட்கள், பின்னர் மரியன்னை கல்லறையின் முன் அனுபவிக்கவிருந்த மூன்று நாட்களுக்கு முன்னடையாளம் என்று திருச்சபையின் போதகர் பலர் கண்டுள்ளனர். துயரப்படும் வீட்டாரிடம், 'எல்லாம் நன்மைக்கே' என்று சொல்லிவிட்டு வந்துவிடுவது பாஸ்கா விசுவாசமன்று. அவர்களோடு திரும்பி நடப்பதே பாஸ்கா விசுவாசம்.

6. விடுமுறைக்கு முன்

தவணை முடியும் நாளிலே கூட்டம் கலைகின்றது. வாரக்கணக்காக எவரும் இடாப்புக் கூப்பிடுவதில்லை. துன்பத்திலிருக்கும் பிள்ளைக்கு இதுவே மிக நீண்ட காலம். ஆகையால் கீழ்வருவனவற்றை இவ்வாண்டு செய்து பார்க்கலாம்.

வகுப்பாசிரியர்: காரணம் தெரியாமல் இரண்டு நாட்கள் வராத பிள்ளையின் வீட்டுக்கு மூன்றாம் நாள் ஆளனுப்பி விசாரித்தல்.

பெற்றார் ஆசிரியர் சங்கம்: விடுமுறையில் ஒவ்வொரு வட்டாரத்திலும் எந்தக் குடும்பம் எந்தக் குடும்பத்தைப் பார்த்துக்கொள்ளும் என்று தீர்மானித்தல்.

குடும்பம்: தவக்கால உண்டியலின் ஒரு பங்கை, பெயர் சொல்லாமல், ஒரு பிள்ளையின் அடுத்த தவணைக் கொப்பிகளுக்காக அதிபரிடம் கொடுத்தல், உயிர்த்த ஞாயிறன்று தனித்திருக்கும் ஒருவரைப் பந்திக்கு அழைத்தல்.

பிள்ளைகள்: வகுப்பிலே எவரோடும் பேசாதிருக்கும் ஒருவரோடு விடுமுறைக்கு முன் பேசுதல்.

வீட்டிலே கலந்துரையாட

1. நம் பிள்ளையின் வகுப்பில் நாம் பெயர் சொல்லி அறிந்த குடும்பங்கள் எத்தனை?
2. 'மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள்' என்று நாம் விட்டுவிட்ட பிள்ளை யார்?
3. நம் வீட்டுத் துன்பத்தை எவரிடமும் சொல்லாது மறைக்க நம்மைத் தூண்டுவது எது?

செபம்

நாசரேத்தூர்ப் பிள்ளையாகிய இயேசுவே, உம்மைத் தேடிய பெற்றாரின் கால்களை எங்களுக்கும் தாரும். எங்கள் கூட்டத்தில் இல்லாத பிள்ளையை இருட்டுமுன் நாங்கள் கண்டுகொள்ளச் செய்தருளும். ஆமென்.