பித்தப்பை அறுவைக்குப் பின்: நடங்கள், குடம் தூக்காதீர்கள்

பித்தப்பைக் கல்லுக்கு லேப்ராஸ்கோப்பி முடித்துக் கொடுங்கையூர் வீட்டுக்கு வருபவர்களின் வயிற்றில் நாலு சின்னத் தையல்கள்தான் தெரியும். மெட்ரோ வாட்டர் லாரியின் ஹாரன் கேட்டதும் பெண்கள் குடத்தோடு இறங்கிவிடுகிறார்கள். நான் அஞ்சுவது இதற்குத்தான். நிறைந்த குடம் 15 கிலோ இருக்கும். தொப்புள் அருகே போட்ட துளை உள்ளே ஆறுவதற்குள் அதைத் தூக்கினால், அந்த இடத்தில் குடலிறக்கம் வரலாம். 4 வாரம் குடமும் அடிபம்பும் வேண்டாம். வயிற்றைக் கீறித் திறந்து செய்திருந்தால் 6 முதல் 8 வாரம். அதுவரை தண்ணீர் பிடிப்பது வீட்டிலுள்ள மற்றவர்களின் வேலை.

அதற்காகப் படுத்தே கிடக்கவும் கூடாது. இந்தியாவில் முதல் லேப்ராஸ்கோப்பி பித்தப்பை அறுவையை மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் டாக்டர் டெஹம்டன் உத்வாடியா செய்தது 1990இல். அதற்கு முந்தைய பெரிய கீறலை நினைவில் வைத்துத்தான் பெரியவர்கள் "அசையாதே" என்கிறார்கள். வீட்டுக்குள் அடிக்கடி நடங்கள். காலில் ரத்தம் உறையாமல் இருக்க அதுதான் வழி. எருக்கஞ்சேரி நெடுஞ்சாலையில் பைக் ஓட்டுவது, வலியில்லாமல் சட்டென்று பிரேக் பிடிக்க முடிந்த பிறகு. குப்பைமேட்டுப் புகை வரும் நாளில் ஜன்னலைச் சாத்துங்கள். இருமல் வந்தால் தலையணையை வயிற்றில் அழுத்திக்கொண்டு இருமுங்கள்.

வயிற்றை உப்ப வைக்கச் செலுத்திய வாயுவால் 2, 3 நாள் தோள்பட்டை வலிக்கும், தானே அடங்கிவிடும். நெஞ்சு அழுத்தம், வியர்வை, மூச்சுத்திணறல் என்றால் உடனே 108.

ஆயுள் முழுக்கப் பத்தியம் தேவையில்லை. பித்தநீரைச் சுரப்பது கல்லீரல். பித்தப்பை அதைச் சேமித்து வைத்தது, அவ்வளவுதான். இப்போது அது நேராகக் குடலுக்குப் போகிறது. அதனால் முதல் சில வாரம் எண்ணெய்ப் பண்டம் தின்றால் வயிற்றுப்போக்கு வரலாம். இட்லி, இடியாப்பம், ரசம் சாதம், மோர் என்று கொஞ்சம் கொஞ்சமாக, நாளைக்கு 5 வேளை சாப்பிடுங்கள். புண் ஆறப் புரதம் வேண்டும்: பருப்பு, அவித்த முட்டை, எண்ணெய் குறைத்த காசிமேட்டு மீன் குழம்பு. வறுவலும் பஜ்ஜியும் பிறகு.

தையலில் மஞ்சளோ எண்ணெயோ தடவாதீர்கள். சுத்தமாக, ஈரமில்லாமல் இருந்தால் போதும்.

கண் மஞ்சளாவது, சிறுநீர் கருமஞ்சளாகப் போவது, மலம் வெளுப்பது, 101 டிகிரிக்கு மேல் காய்ச்சல், நாளுக்கு நாள் கூடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, தையலில் சீழ் — இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். பித்தநீர் கசியலாம், குழாயில் கல் தங்கியிருக்கலாம். டிஸ்சார்ஜ் சீட்டோடு அறுவை செய்த இடத்துக்குப் போங்கள். அது தொலைவென்றால் ஸ்டான்லி மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு.

தையல் பிரிக்கப் போகும்போது பயாப்ஸி ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள். அரிதாக, எடுத்த பையில் புற்றுநோய் இருப்பது அந்தத் தாளில்தான் தெரியவரும்.