கூத்துக் குரல் மங்காதிருக்க: ஒலிபெருக்கியைப் பேணுவோம்

1995 ஒக்ரோபர் 30 இரவு, வலிகாமத்து மக்கள் மழையில் நனைந்தபடி இடம்பெயர்ந்தனர். நாங்களும் அவர்களுள் இருந்தோம். ஒரு சைக்கிளில் விதை வெங்காயம் வந்தது. இன்னொன்றில் சனசமூக நிலையத்து அம்பிளிபையர், மைக், கூம்பு ஸ்பீக்கர் வந்தன.

வெங்காயத்தைப் பிடி பிடியாகக் கட்டிக் கொட்டிலின் வளையில் தொங்கவிட்டோம். ஒலிபெருக்கியையோ பழைய உரப்பையில் போட்டு, மேலே பொலித்தீனால் இறுகச் சுற்றி மூலையில் வைத்தோம். சில மாதங்களின் பின் பிள்ளைகளுக்குக் கூத்துப் பழக்க அண்ணாவியார் அதைக் கேட்டார். திறந்து பார்த்தால் இணைப்புகளில் பச்சைக் களிம்பு. மைக்கில் சத்தமே இல்லை. அன்று அண்ணாவியார் வெறுங்குரலில் விடியும்வரை பாடினார். பின்னால் இருந்தவர்களுக்குப் பாட்டு எட்டவில்லை. அவருக்கும் ஒரு கிழமை குரல் அடைத்துப்போயிற்று.

பையில் ஒட்டியிருந்த உரம் ஈரத்தை இழுத்தது. பொலித்தீன் அதை வெளியேற விடவில்லை. மூடிக்கட்டிய வெங்காயம் அழுகும் என்று அறிந்திருந்தும், கருவிக்கு அதை நாம் நினைக்கவில்லை. அன்று கற்றவற்றை இங்கே தருகிறோம்.

1. ஈரம்: நிலத்தில் வைக்காதீர்கள். பலகைப் பெட்டியில் வைத்து, கற்களின் மேல் உயர்த்துங்கள். வறுத்து ஆறவிட்ட அரிசியைத் துணியில் முடிந்து உள்ளே வைத்தால் ஈரத்தை உறிஞ்சும். இடைக்கிடை மீண்டும் வறுத்து வையுங்கள். பொலித்தீன் பயணத்துக்கு மட்டுமே. கிழமைக்கு ஒருமுறை பெட்டியைத் திறந்து காற்றுப் படவிடுங்கள். எலி வயரைக் கடிக்கும். பெட்டியில் துவாரம் இருந்தால் கம்பிவலையால் அடையுங்கள்.

2. பற்றரி: இதை அம்பிளிபையருடன் ஒரே பெட்டியில் வைக்கக்கூடாது, அமிலம் இணைப்புகளை அரிக்கும். 12 வோல்ற் பற்றரி நிறைந்திருக்கையில் சுமார் 12.6 வோல்ற் காட்டும். 12 இற்குக் கீழே போகவிடாதீர்கள். பாவிக்காவிட்டாலும் மாதம் ஒருமுறை சார்ஜ் ஏற்றுங்கள். நீர் குறைந்தால் காய்ச்சி வடித்த நீரே ஊற்றவேண்டும். கிணற்று நீர் ஆகாது. சார்ஜ் ஏறும்போது எரியக்கூடிய வாயு வெளிவரும். விளக்கோ பீடியோ அருகில் வேண்டாம்.

3. பியூஸ்: எரிந்தால் அதே அம்பியர் அளவுள்ளதையே போடுங்கள். சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றினால் அடுத்ததாக எரிவது அம்பிளிபையர்தான். சிவப்பு வயர் கூட்டல் முனைக்கே செல்லவேண்டும். கொழுவுமுன் இருவர் பாருங்கள்.

4. மைக்கும் வயரும்: மைக்கை ஊதியோ தட்டியோ சோதிக்காதீர்கள், பேசிப் பாருங்கள். வயரை முழங்கையில் இறுகச் சுற்றினால் உள்ளே கம்பி முறியும். பெரிய வளையங்களாகத் தளர்வாகச் சுருட்டுங்கள்.

5. நனைந்தால்: உடனே போட்டுப் பார்க்க வேண்டாம். பற்றரியைக் கழற்றி, கருவியை நிழலில் காற்றோட்டமாகச் சில நாட்கள் உலரவிட்டு, பின் திருத்துநரிடம் காட்டுங்கள்.

6. பொறுப்பு: எல்லோரது பொருள் என்றால் யாரும் கவனிப்பதில்லை. ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். கொண்டுபோனவர், திருப்பித் தந்த நாள், கண்ட பழுது ஆகியவற்றைக் கொப்பியில் எழுதுங்கள்.

எங்கள் மைக்கைத் திருத்துநர் ஒருவர் துப்புரவாக்கித் தந்தார். அடுத்த கூத்தில் கடைசி வரிசைக் கிழவியும் பாட்டைக் கேட்டுத் தலையாட்டினார்.

கலந்துரையாடுவோம்:
• நமது முகாமில் பொதுப்பொருட்கள் எவை? அவற்றுக்கு யார் பொறுப்பு?
• மீண்டும் திடீரென இடம்பெயர நேர்ந்தால், எதை யார் தூக்குவது?