புதுக் காரின் முதல் 1000 கி.மீ.: எக்ஸெல்லில் கணக்கு வைப்போம்!

திருவண்ணாமலையில் புதுக் கார் வாங்கியவர் பெரும்பாலும் முதலில் செல்லும் இடம் அண்ணாமலையார் கோயில்தான். மாலை போட்டு, கற்பூரம் காட்டி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியபின் வண்டி வீட்டுக்கு வருகிறது. அதே வீட்டில் புதிதாக வாங்கிய கம்ப்யூட்டர் ஒன்றும் இருக்கலாம். அதில் எக்ஸெல் புரோகிராம் எதற்கு என்று தெரியாமல் பலர் திறந்து பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். இந்த இரண்டு புதுப் பொருள்களையும் இணைத்து ஒரு பாடம் கற்றுக் கொள்வோம். காரின் எஞ்சினைப் பழக்கும் முதல் 1000 கி.மீ. ஒரு முறைதான் வரும். அதற்கு ஒரு கணக்கு வைத்தால் கார் நன்றாக அமையும். எக்ஸெல்லும் கைக்கு வந்துவிடும்.

ரன்னிங் இன் என்றால் என்ன?

எஞ்சினில் பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் உருளைதான் சிலிண்டர். அதன் உட்சுவர் பார்வைக்கு வழவழப்பாக இருந்தாலும், தொழிற்சாலையில் அதில் குறுக்கும் நெடுக்குமாக மிக நுண்ணிய கோடுகள் போடப்படுகின்றன. இவை ஆயிலைப் பிடித்து வைக்கின்றன. பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்கள், அதாவது பிஸ்டன் ரிங்குகள், இந்தச் சுவரில் உரசி, மேடான இடங்கள் தேய்ந்து, கச்சிதமாகப் பொருந்த வேண்டும். பொருந்திவிட்டால் எரிந்த வாயு கீழே கசியாது. ஆயிலும் மேலே ஏறி எரியாது. இப்படிப் பொருந்தும் காலத்தைத்தான் ரன்னிங் இன் என்கிறோம்.

அம்பாசடர், பிரிமியர் பத்மினி ஓடிய காலத்தில், புதுக் காரின் பின் கண்ணாடியில் "ரன்னிங் இன்" என்று எழுதி ஒட்டியிருப்பார்கள். நான் மெதுவாகத்தான் போவேன், நீங்கள் முந்திச் செல்லுங்கள் என்று பொருள். இன்றைய எஞ்சின்களின் பாகங்கள் அன்றைவிட மிகத் துல்லியமாகச் செய்யப்படுகின்றன. எனவே அத்தனை கட்டுப்பாடு தேவையில்லை. ஆனாலும் கவனிக்க வேண்டியவை இருக்கின்றன.

மெதுவாக ஓட்டினால் போதுமா?

போதாது. பலர் தவறாக நினைக்கும் இடம் இதுதான். ஆக்சிலரேட்டரை ஓரளவு மிதிக்கும்போதுதான் எரியும் வாயுவின் அழுத்தம் ரிங்குகளுக்குப் பின்னால் புகுந்து, அவற்றைச் சுவரோடு சேர்த்து அழுத்துகிறது. எப்போதும் நத்தை வேகத்தில் சென்றால் இந்த அழுத்தம் போதுமான அளவு கிடைக்காது. அழுத்தி மிதித்து விரட்டினாலோ சூடு அதிகமாகிவிடும். ஒரே வேகத்தில் மணிக்கணக்கில் ஓட்டுவதும் நல்லதல்ல. வேகம் ஏறியும் இறங்கியும் இருக்க வேண்டும். ரன்னிங் இன் காலத்துக்குத் தேவை மெதுவான ஓட்டம் அல்ல, மிதமாக மாறி மாறி வரும் ஓட்டம்.

முதலில் கையேட்டைத் தேடுங்கள்

காருடன் தந்த கையேட்டை யாரும் படிப்பதில்லை. இப்போது பெரும்பாலான நிறுவனங்கள் இதனை பி.டி.எப். பைலாகத் தங்கள் இணைய தளத்தில் தருகின்றன. உங்கள் மாடலுக்கானதை டவுண்லோட் செய்து திறந்திடுங்கள். கண்ட்ரோல் கீயை அழுத்திக் கொண்டு எப் கீயை அழுத்தினால் தேடும் கட்டம் கிடைக்கும். அதில் ரன்னிங் இன் அல்லது பிரேக் இன் என ஆங்கிலத்தில் டைப் செய்து தேடுங்கள். நூற்றுக்கணக்கான பக்கங்களில் உங்களுக்கு வேண்டிய ஒரு பக்கம் நொடியில் கிடைக்கும்.

எடுத்துக்காட்டாக, டொயோட்டா கையேடுகளில் முதல் 300 கி.மீ. வரை திடீர் பிரேக் போட வேண்டாம் என்றும், முதல் 1000 கி.மீ. வரை மிக அதிக வேகம், திடீரென வேகம் கூட்டுதல், தொடர்ந்து குறைந்த கியரில் ஓட்டுதல், நீண்ட நேரம் ஒரே வேகத்தில் செல்லுதல் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும் என்றும் தரப்பட்டுள்ளது. பிரேக்கும் உரசிப் பொருந்த வேண்டிய பாகம் என்பதால்தான் முதல் எச்சரிக்கை. எஞ்சினே இல்லாத மின்சாரக் காருக்கும் இது பொருந்தும்.

எக்ஸெல்லில் அட்டவணை

எக்ஸெல் திறந்து புதிய ஒர்க்புக் ஒன்றை எடுத்துக் கொள்ளுங்கள். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் புரோகிராமைப் பயன்படுத்தலாம்.

1. முதல் வரிசையில் ஏ1 முதல் ஜி1 வரை உள்ள செல்களில் இந்தத் தலைப்புகளை டைப் செய்திடுங்கள்: தேதி, புறப்பட்டபோது மீட்டர், திரும்பியபோது மீட்டர், ஓடிய தூரம், சாலை, ஆயில், குறிப்பு.

2. முதல் பயணத்தை இரண்டாம் வரிசையில் எழுதுங்கள். ஷோரூமிலிருந்து வரும்போதே மீட்டரில் சில கி.மீ. இருக்கும். மாதிரிக்கு, புறப்பட்டபோது 42, திரும்பியபோது 58 என்று வைத்துக் கொள்வோம்.

3. டி2 செல்லில் சமக் குறி இட்டு, சி2 செல்லில் கிளிக் செய்து, கழித்தல் குறி இட்டு, பி2 செல்லில் கிளிக் செய்து என்டர் தட்டுங்கள். 16 என்று விடை வரும்.

4. பி3 செல்லில் சமக் குறி இட்டு, சி2 செல்லில் கிளிக் செய்து என்டர் தட்டுங்கள். ஒரு பயணம் முடிந்த எண்ணே அடுத்த பயணத்தின் தொடக்கமாகத் தானாக அமையும்.

5. இரண்டு பார்முலாக்களையும் செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சிறிய சதுரத்தைப் பிடித்து, ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு வரி கீழே இழுங்கள். முன்கூட்டியே பல வரிகள் இழுத்துவிட்டால் ஒரு மைனஸ் எண் தெரியும். பயப்பட வேண்டாம், திரும்பியபோது உள்ள எண்ணைத் தந்தவுடன் சரியாகிவிடும்.

6. ஐ1 செல்லில் "மீதி" என எழுதுங்கள். ஐ2 செல்லில் சமக் குறி, 1000, கழித்தல் குறி ஆகியவற்றை அடுத்தடுத்து இட்டு, மேக்ஸ் என ஆங்கிலத்தில் டைப் செய்து அடைப்புக் குறியைத் திறந்திடுங்கள். மேலே உள்ள சி என்ற எழுத்தில் கிளிக் செய்து, அடைப்புக் குறியை மூடி என்டர் தட்டுங்கள். 942 என்று காட்டும். இதுதான் இன்னும் ஓட வேண்டிய தூரம். பயணங்கள் சேரச் சேர இது தானாகக் குறையும்.

சாலையைப் பிரித்துப் பாருங்கள்

இ நெடுவரிசையில் ஊர், இருவழி, நான்குவழி என்ற மூன்று சொற்களில் ஒன்றை மட்டும் எழுதுங்கள். சில வாரம் கழித்துத் தலைப்பு வரிசையைத் தேர்ந்தெடுத்து, டேட்டா டேபில் உள்ள பில்டரில் கிளிக் செய்தால் ஒவ்வொரு தலைப்பிலும் சிறிய அம்புக்குறி தோன்றும். சாலை என்பதில் கிளிக் செய்து "ஊர்" என்பதை மட்டும் டிக் செய்திடுங்கள். இனி டி நெடுவரிசையில் தெரியும் எண்களைத் தேர்ந்தெடுத்தால் கீழே உள்ள ஸ்டேட்டஸ் பாரில் கூட்டுத் தொகை தெரியும்.

மொத்தத்தில் முக்கால் பங்கு "ஊர்" என்று வந்தால், வண்டி கூட்டத்தில் ஊர்ந்தே பழகுகிறது. 14 கி.மீ. கிரிவலப் பாதையைப் புதுக் காரில் சுற்றி வருவது மனதுக்கு நிறைவு தரும். ஆனால் நடப்பவர்களுக்குப் பின்னால் முதல் கியரில் ஊர்வது எஞ்சினுக்குப் பயிற்சி ஆகாது. கீழ்பென்னாத்தூர் வழியாகச் செஞ்சி வரையோ, போளூர், கண்ணமங்கலம் வழியாக வேலூர் வரையோ ஒரு முறை சென்று வாருங்கள். வழியில் ஊர்கள் வரும்போது வேகம் குறையும், தாண்டியதும் கூடும். நமக்கு வேண்டியதும் இதுதான்.

சென்னைக்குச் செல்பவர்கள் திண்டிவனம் தாண்டியபின் கவனமாக இருக்க வேண்டும். நான்குவழிச் சாலையில் கால் தானாக ஒரே வேகத்தில் நின்றுவிடும். சில நிமிடங்களுக்கு ஒரு முறை, பின்னால் வரும் வண்டிகளைக் கவனித்து, வேகத்தைச் சற்றுக் குறைத்துக் கூட்டுங்கள்.

ஆயிலும் மைலேஜும்

வாரம் ஒரு முறை சமதளத்தில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடம் கழித்து, டிப்ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து மீண்டும் விட்டு எடுத்து அளவைப் பாருங்கள். எப் நெடுவரிசையில் மேல், நடு, கீழ் என்று எழுதினால் போதும். அளவு தொடர்ந்து இறங்கினால் முதல் சர்வீசில் இந்தத் தாளை அச்செடுத்துக் காட்டலாம். "ஆயில் குறையுது சார்" என்று வாயால் சொல்வதைவிடத் தேதியும் கி.மீ. கணக்கும் உள்ள தாளுக்கு மதிப்பு அதிகம்.

500 கி.மீ. ஆனதும் ஆயிலை மாற்றிவிடுங்கள் என்று சிலர் அறிவுரை தருவார்கள். உங்கள் கையேடு சொல்வதையே பின்பற்றுங்கள். ஹோண்டா போன்ற நிறுவனங்கள், குறிப்பிட்ட காலத்துக்கு முன் முதல் ஆயிலை மாற்ற வேண்டாம் என்றே சொல்கின்றன. மைலேஜ் முதலில் சற்றுக் குறைவாக வந்தாலும் கவலை வேண்டாம். பாகங்கள் பொருந்தியபின் கூடும்.

கம்ப்யூட்டருக்கு ரன்னிங் இன் உண்டா?

இல்லை. சிப்களில் உரசித் தேயும் பாகம் எதுவும் கிடையாது. புது லேப்டாப்பை முதல் நாள் எட்டு மணி நேரம் சார்ஜ் செய்திட வேண்டும் என்பது பழைய நிக்கல் வகை பேட்டரிகளின் காலத்துப் பழக்கம். இன்றைய லித்தியம் அயன் பேட்டரிகளுக்கு அது தேவையில்லை.

பைலுக்குப் புதுக்கார் எனப் பெயரிட்டு சேவ் செய்து, பென் டிரைவில் ஒரு காப்பி எடுத்து வையுங்கள். 1000 கி.மீ. முடிந்தபின்னும் இதே அட்டவணையை சர்வீஸ், டயர், இன்சூரன்ஸ் கணக்குகளுக்குத் தொடரலாம். இன்று மாலையே காரின் மீட்டரைப் பார்த்து முதல் வரியை எழுதிவிடுங்கள்.