மீசான் கற்களைப் படிப்போம்

கீழக்கரைக்குப் போனால் வள்ளல் சீதக்காதியையும், 1703இல் வஃபாத்தான ஸதக்கத்துல்லாஹ் அப்பாவையும் நினைத்து ஜியாரத் செய்கிறோம். சரி, நம் ஊர் கபரஸ்தானில் அடங்கியிருக்கும் நம் பாட்டனார்களின் பெயர் நமக்குத் தெரியுமா? முள் வெட்ட ஜேசிபி வரும்போது முதலில் சாய்வது அவர்களுடைய மீசான் கற்கள்தான். கல் போனால் பெரும்பாலும் வேறு பதிவே இருக்காது.

பிள்ளைகளையும் கூட்டிச் செல்வோம். ஸலாம் சொல்லி, துஆ செய்து, கப்ருகளை மிதிக்காமல் நடப்போம். கப்ரின்மேல் உட்காருவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். கல்லைக் கம்பி பிரஷால் தேய்க்க வேண்டாம், பெயிண்டும் அடிக்க வேண்டாம். சாய்வெயிலில் தேய்ந்த எழுத்தும் நிழல்கட்டித் தெரியும். அப்போது படமெடுத்து, அரபுத்தமிழ் வாசிக்கத் தெரிந்த ஆலிமிடம் காட்டலாம். ஆண்டு ஹிஜ்ரியில் இருக்கும்: 1300 என்றிருந்தால் அது கி.பி. 1882-83.