பாட்டிலைத் திருப்பிப் பார்

அன்புள்ள குட்டிக்கு,

முகத்துக்குச் சோப்பை விட்டுவிட்டு, மூலிகை ஜெல் ஃபேஸ்வாஷுக்கு மாறலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக மாறு. ஆனால் முன்பக்கத்து வேப்பிலைப் படத்தை நம்பி வாங்காதே. பாட்டிலைத் திருப்பிப் பார்.

அங்கே சேர்மானங்களை, அதிகம் உள்ளதிலிருந்து குறைந்தது வரை வரிசையாகப் போட்டிருப்பார்கள். முதலில் தண்ணீர். அடுத்த சில பெயர்களுக்குள் அழுக்கை எடுக்கிற சரக்கு இருக்கும். கோகோ குளுகோசைடு, டெசைல் குளுகோசைடு என்று கண்டால் மகிழ்ச்சி. தேங்காய் எண்ணெய் போன்றவற்றின் கொழுப்போடு குளுக்கோஸைச் சேர்த்துச் செய்யும் அவை, தோலை அதிகம் உறுத்தாது. சோடியம் லாரில் சல்ஃபேட் என்றிருந்தால் வேண்டாம். அதையும் தேங்காய் எண்ணெயிலிருந்தே தயாரிக்கலாம். ஆனால் தோலின் எண்ணெய்ப் பசையை வழித்தெடுத்து எரிச்சல் தரக்கூடியது. வேம்பும் கற்றாழையும் பட்டியலின் கடைசியில், வாசனைப் பொருளுக்குப் பக்கத்தில் இருந்தால், பேருக்குச் சேர்த்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்.

நம் தோலுக்கு லேசான அமிலத்தன்மை உண்டு, அதன் பி.எச். சுமார் 5. குளியல் சோப்போ 9, 10 வரை போகும். கழுவியதும் கன்னம் இழுத்துப் பிடிப்பதற்கு அது ஒரு காரணம். உங்கள் வீட்டில் போர் தண்ணீர் வேறு. அதிலுள்ள கால்சியம் சோப்போடு சேர்ந்துதான் பக்கெட் ஓரத்தில் வெள்ளையாகப் பிசுக்குப் படிகிறது. அதே பிசுக்கு முகத்திலும் தங்கும். குளுகோசைடு ஜெல்லில் அந்தத் தொல்லை இல்லை. நுரை மட்டும் கொஞ்சம் குறைவாக வரலாம். அதற்காக மேலும் மேலும் பிதுக்காதே, பட்டாணி அளவு போதும். பூந்திக்கொட்டை சேர்ந்த ஜெல் என்றால் கண்ணை இறுக மூடிக்கொள். பட்டால் நன்றாக எரியும்.

லாவெண்டர், எலுமிச்சை எண்ணெய்களும் செடியிலிருந்து வருபவைதான், ஆனாலும் சிலருக்கு அலர்ஜி கொடுத்துவிடும். அதனால் முதலில் முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவி, சில நிமிடம் விட்டுக் கழுவு. ஒரு வாரம் இப்படிச் செய்தும் அரிப்போ தடிப்போ இல்லையென்றால் முகத்துக்குப் போடு. காலையிலும் இரவிலும் மட்டும் போதும். விரல் நுனியால் மெதுவாகத் தேய்த்து, துண்டால் ஒற்றி எடு. பத்து நிமிடம் கழித்தும் தோல் இறுக்கமாக இருந்தால் அந்த ஜெல் உனக்கு ஆகாது; பாதி பாட்டில் மிச்சமிருந்தாலும் நிறுத்திவிடு.

பரு வலித்துச் சீழ் வைத்தால் எந்த ஃபேஸ்வாஷையும் நம்பி இருக்காதே, தோல் டாக்டரிடம் போக வேண்டும். அம்மா தயங்கினால் சொல், நான் பேசுகிறேன்.

அன்புடன்,
சித்தி